கேள்வி கேட்கப் பழகட்டும் நம் பிள்ளைகள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் மாலைப் பள்ளி ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பகல் ஷிப்டு முடிந்து ஆலை வாசலிலிருந்து நேராக இங்கு வந்தவர்கள் இருக்கிறீர்கள். நாள் முழுவதும் நாற்று நட்ட முதுகு வலியோடு வந்திருக்கும் தாய்மார்களும் இருக்கிறீர்கள். உங்களுடைய நேரம் எவ்வளவு அருமையானது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

"என் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, தோழரே!" நம் வீடுகளுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் பேச்சு இது. தகப்பனார் சொல்கிறார். தாயார் சொல்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தும் அதையே சொல்லியனுப்புகிறார்கள். நாளடைவில் அந்தப் பையனே சொல்ல ஆரம்பித்துவிடுகிறான்: "எனக்குப் படிப்பு வராது." அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் நாள்தான் ஆபத்தான நாள். அதன் பிறகு அவன் பள்ளிக்குப் போனாலும் போகாதவன்தான். ஓராண்டோ ஈராண்டோ கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பிறகு ஏதாவது ஒரு பட்டறையிலோ செங்கல் சூளையிலோ அவனைப் பார்ப்போம்.

படிப்பு ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூளை இல்லை என்று அர்த்தமா? மாட்டுக்கு என்ன நோய் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைக்கு, பழுதான சைக்கிளைப் பிரித்து மாட்டும் பிள்ளைக்கு மூளை இல்லை என்று யார் சொல்வது? அப்படியானால் அவனிடம் இல்லாதது எது? இதற்குத்தான் இன்று விடை தேடப் போகிறோம்.

ஏரி மண் விவாதம்

முதலில் நம் மாலை வகுப்பில் நடந்ததையே சொல்கிறோம். ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன். பெயர் வேண்டாம், அவன் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறான், வெட்கப்படுவான். தகப்பனார் நூல் ஆலைத் தொழிலாளி. தாயார் வயல் வேலைக்குப் போகிறவர். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க அவனால் முடியாது. ஆறு மாதம் வகுப்புக்கு வந்தான். அந்த ஆறு மாதத்தில் ஆறு வார்த்தை பேசியிருப்பானோ என்னவோ!

ஒரு சனிக்கிழமை மாலை, "ஏரியில் மண் எடுக்கலாமா, கூடாதா?" என்று ஒரு விவாதம் வைத்தோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எழுந்து, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்கள். "வண்டல் மண் வயலுக்கு உரம், ஆகவே எடுக்கலாம்" என்றான் ஒருவன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எவ்வளவு ஆழத்துக்கு?" திரும்பிப் பார்த்தோம். அவன்தான்! "வண்டலை எடுத்தால் பரவாயில்லை. அதுக்குக் கீழே இருக்கிற மண்ணையும் சேர்த்து லாரியில் அள்ளுகிறார்கள். போன கோடையில் எங்கள் தாத்தாவின் ஆடு அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து செத்தது."

கூட்டம் வாயடைத்துப் போயிற்று. ஆனால் எதிரணியில் இருந்த பெண் விடவில்லை. "எவ்வளவு ஆழம் வெட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள்? அதற்குமேல் வெட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டாள். அவனிடம் ஆதாரம் இல்லை. "அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன்" என்றான்.

ஆதாரம் கொண்டுவர வேண்டுமானால் படிக்க வேண்டுமே! பத்திரிகையில் வந்திருந்த அரைப் பக்கச் செய்தி ஒன்றைப் படித்து முடிக்க அவனுக்கு மூன்று மாலைகள் பிடித்தன. ஆலையில் வேலை செய்துகொண்டே தபால் வழியில் பட்டம் பெற்ற ஒரு சகோதரி நம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார். அந்த மூன்று மாலையும் அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனுக்குப் பதிலாக அவர் படித்துவிடவில்லை. அவன் தடுக்கி நின்ற இடத்தில் தாமும் நின்று காத்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு துண்டுக் காகிதத்தோடு எழுந்து நின்றான். கால் நடுங்கியது. ஆனால் பேசினான்.

இன்று அவன் வகுப்பில் முதல் மாணவன் என்று நாங்கள் கதை கட்ட மாட்டோம். தமிழில் தேறினான், சமூக அறிவியலில் தேறினான், கணக்கில் தவறினான். ஆனால் பள்ளியை விட்டு நிற்கவில்லை. "எனக்குப் படிப்பு வராது" என்ற பேச்சையும் விட்டுவிட்டான்.

இதில் இரண்டு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, படிப்பதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணத்தைக் கொடுத்தது விவாதம். இரண்டு, அவன் தடுமாறியபோது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது. நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். இது நம் ஊரில் மட்டும் நடந்த அதிசயமா என்று பார்ப்போம்.

பருத்திச் சீமையில் ஓர் ஆசிரியர்

அமெரிக்காவின் தெற்கே டெக்ஸாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஓர் ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. அங்கே 1873-ல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காக வைலி கல்லூரி என்ற சிறிய கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்ததே தவிர, வாழ்க்கையில் ஒழிந்தபாடில்லை. கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி, ரயிலில் தனிப் பெட்டி, தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய்! நிலமில்லாத உழவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதைக்கும் உணவுக்கும் நிலக்காரனிடமே கடன் வாங்கினார்கள். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடன் மட்டும் மிஞ்சும். கணக்கை எழுதியவன் நிலக்காரன். படிக்கத் தெரியாத உழவன் எப்படிக் கேள்வி கேட்பான்? இதை நாங்கள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கல்லூரிக்கு 1920-களின் நடுவில் ஆங்கிலம் கற்பிக்க வந்தார் மெல்வின் டால்சன். 1898-ல் பிறந்தவர், கவிஞர். வகுப்பு முடிந்ததும் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிற ஆசிரியர் அல்ல. மாணவர்களைச் சேர்த்து ஒரு விவாத அணியை உருவாக்கினார். மாலையில் அவர் வீடே பள்ளிக்கூடம். மாணவன் ஒரு கருத்தைச் சொன்னால், டால்சன் தாமே எதிர்க்கட்சியாக மாறிவிடுவார். "இதற்கு என்ன சான்று? எதிராளி இப்படிக் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று குடைந்தெடுப்பார். இரவு எந்நேரமானாலும் சரி, பிள்ளை தன் வாதத்தைத் தானே நிமிர்த்தி நிறுத்தும்வரை விடமாட்டார்.

1930-ல் அவருடைய அணி சிகாகோ நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வெள்ளையின சட்ட மாணவர்களோடு ஒரே மேடையில் விவாதித்தது. இரு இனத்தாரும் சமமாக நின்று வாதாடிய முதல் விவாதங்களில் அது ஒன்று. அந்த அணியில் ஹென்றியேட்டா பெல் என்ற முதலாண்டு மாணவியும் இருந்தார். ஆண்பிள்ளைகளுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். 1935-ல் நாட்டின் சாம்பியனாக விளங்கிய தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை இந்தச் சிறிய கல்லூரி தோற்கடித்தது. ஆனாலும் சாம்பியன் பட்டம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? விவாதக் கழகத்தில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடமில்லை! வாதத்தில் வென்றவர்களைத் தோலின் நிறத்தைக் காட்டி வெளியே நிறுத்தினார்கள். 2007-ல் இந்த வரலாறு திரைப்படமாகவும் வந்தது. அதில் தோற்கும் கல்லூரியின் பெயரை ஹார்வர்டு என்று மாற்றிவிட்டார்கள்.

அதே டால்சன், 1930-களில் கறுப்பின, வெள்ளையின வார உழவர்களை ஒன்றுசேர்க்கவும் பாடுபட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் அது உயிருக்கே ஆபத்தான வேலை. பகலில் மாணவனுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர், நிலக்காரனின் கணக்கைக் கேள்வி கேட்க உழவனுக்கும் துணை நின்றார்.

விதைத்தது முளைத்தது

அந்த வீட்டில் பயின்றவர்கள் என்ன ஆனார்கள்?

டால்சனிடம் படித்தவர்களில் ஒருவர் ஹீமன் ஸ்வெட். படித்து முடித்துத் தபால்காரராக வேலை பார்த்தார். 1946-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு மனுப்போட்டார். நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். தபால்காரர் வழக்குத் தொடுத்தார். அவரைச் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும் என்று 1950-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் வந்த தீர்ப்புக்கு இது பாதை போட்டது.

இன்னொருவர் ஜேம்ஸ் பார்மர். பதினான்கு வயதில் வைலி கல்லூரியில் சேர்ந்து, டால்சனின் விவாத அணியில் பயின்றவர். 1942-ல் தோழர்களோடு சேர்ந்து இனச் சமத்துவப் பேரவையை அமைத்தார். காந்தியின் சத்தியாக்கிரக முறையைப் படித்து, அதை அமெரிக்க மண்ணில் கையாண்ட அமைப்பு அது. 1961-ல் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து தெற்கு மாநிலங்களுக்குப் பயணம் போனார்கள். அந்த "விடுதலைப் பயண"த்தின் தலைவர் பார்மர். பஸ்ஸைக் கொளுத்தினார்கள், பயணிகளை அடித்தார்கள், பார்மரும் மிசிசிப்பியில் சிறைக்குப் போனார். ஆனால் அதே ஆண்டின் இறுதிக்குள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களிலும் பஸ் நிலையங்களிலும் பிரிவினை கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது.

"உனக்கு ஏற்ற வேலையைப் பார்"

வைலி கல்லூரிப் பிள்ளைகளுக்கு டால்சன் கிடைத்தார். கிடைக்காத பிள்ளையின் கதி என்ன? அதையும் பார்ப்போம்.

1925-ல் பிறந்த மால்கம் லிட்டில், எட்டாம் வகுப்பில் நல்ல மாணவன். பள்ளியில் அநேகமாக எல்லோரும் வெள்ளையர். வக்கீலாக வேண்டும் என்று ஆசை என்றான் ஆசிரியரிடம். அது உன் இனத்துக்கு நடக்கிற காரியமில்லை, தச்சு வேலைக்குப் போ என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். தச்சு வேலை இழிவான வேலையா? இல்லவே இல்லை. இந்தப் பந்தலுக்குக் கால் நட்டவரும் தச்சர்தான். ஆனால் ஒரு சிறுவன் எவ்வளவு ஆசைப்படலாம் என்று அவன் பிறப்பைப் பார்த்து அளந்து கொடுக்க ஓர் ஆசிரியருக்கு என்ன உரிமை? அந்த வகுப்போடு மால்கத்தின் பள்ளிப் படிப்பு நின்றது. தெருவுக்குப் போனான்; திருட்டில் இறங்கினான்; 1946-ல் சிறைக்குப் போனான்.

சிறையில்தான் அவருக்கு ஆசிரியர் கிடைத்தார். அவரும் ஒரு கைதி! நிறையப் படித்தவர்; அவர் பேசினால் காவலர்களும் நின்று கேட்பார்கள். உனக்கு மூளை இருக்கிறது, அதைப் பயன்படுத்து, நூலகத்துக்குப் போ என்று அவர் மால்கத்திடம் சொன்னார். 1948-ல் நார்போக் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல நூலகம் இருந்தது. கைதிகளுக்கு விவாதக் கூட்டங்களும் நடந்தன. மால்கம் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் எழுதியெழுதிச் சொற்களைக் கற்றார். விளக்கணைத்த பிறகும், தாழ்வாரத்திலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தில் படித்தார். விவாத மேடையில் ஏறினார். அதன் பிறகு இறங்கவேயில்லை. 1952-ல் சிறையிலிருந்து வெளியே வந்தவரை உலகம் மால்கம் எக்ஸ் என்று அறிந்துகொண்டது.

1962-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு விவாதம். இனங்கள் கூடி வாழ்வதா, பிரிந்து வாழ்வதா என்பது பொருள். ஒரு பக்கம் டால்சனின் மாணவர் பார்மர். மறுபக்கம் சிறையில் கற்ற மால்கம் எக்ஸ். ஒருவர் கல்லூரிப் பேராசிரியரின் வீட்டில் கற்றார்; மற்றவர் சிறைக் கொட்டடியில் கற்றார். சமமாக நின்று மோதினார்கள். இருவர் கருத்தும் வேறு. ஆனால் இருவரையும் அந்த மேடைக்குக் கொண்டுவந்தவை ஒன்றுதான்: கேள்வியும், கேட்கச் சொல்லித் தந்த ஆளும்.

எதிரியின் வாதமும் தெரிய வேண்டும்

இங்கே தோழர் ஒருவர் கேட்கலாம்: "இரண்டு பக்கமும் பேசப் பழக்கினால் பிள்ளைக்குக் கொள்கைப் பிடிப்பு இல்லாமல் போய்விடாதா?" நல்ல கேள்வி.

2015-ல் நியூயார்க் மாநிலத்துச் சிறை ஒன்றில் கல்லூரிப் படிப்பு படித்துவந்த கைதிகள் மூவர், ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை விவாதத்தில் வென்றார்கள். இணையம் கிடையாது. வேண்டிய புத்தகத்துக்குச் சிறை அதிகாரியிடம் மனுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உரிய ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம் என்ற கட்சி அவர்கள் பங்குக்கு வந்தது. அவர்களுக்கே உடன்பாடில்லாத கட்சி. ஆனாலும் படித்தார்கள், பேசினார்கள், வென்றார்கள். அதனால் அவர்கள் மனம் மாறிவிட்டதா? இல்லை. எதிர்க்கட்சியின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று கண்டுகொண்டார்கள்.

சங்கத் தோழர்களுக்கு இது புதிதா? போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நம் கோரிக்கையை மட்டுமா படித்துக்கொண்டு போகிறோம்? "நஷ்டம்" என்று நிர்வாகம் சொல்லும். அந்தக் கணக்கை நாம் முன்கூட்டியே படித்திருந்தால்தானே வாயடைக்க முடியும்? பிள்ளைக்கும் அதேதான்.

நமக்கும் விவாதம் புதிதல்ல. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. ஆனால் இன்று பட்டிமன்றம் என்றால் பெயர்பெற்ற பேச்சாளர்கள் பேசுகிறார்கள், நாம் கைதட்டிச் சிரிக்கிறோம். அது இருக்கட்டும். நாம் கேட்கும் விவாதத்தில் மேடையில் நிற்க வேண்டியவன் நம் கடைசிப் பெஞ்சுப் பையன். பேச வேண்டியவள் வீட்டில் வாய் திறக்காத நம் பெண்.

கணக்கு என்ன சொல்கிறது?

நான்கு பெரியவர்களின் கதையை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்பீர்கள். 1985-ல் அட்லாண்டா நகரில், எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஏழைப் பகுதி அரசுப் பள்ளிகளில் விவாத அணிகளை அமைக்கத் தொடங்கினார்கள். பின்னர் சிகாகோ, பால்டிமோர் போன்ற நகரங்களுக்கும் அது பரவியது. ஓராண்டு முழுவதும் ஒரே பொருள். இருவர் ஓர் அணி. இரு கட்சியும் மாறிமாறிப் பேச வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி தர ஓர் ஆசிரியர்.

சிகாகோவில் 1997 முதல் 2006 வரை கறுப்பின மாணவர்களை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். விவாதத்தில் சேர்ந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, சேராதவர்களைவிட 70 சதவீதம் அதிகம். இடையில் நின்றுபோகும் வாய்ப்போ மூன்றில் ஒரு பங்குதான். மொழிப்பாடத்திலும் வாசிப்பிலும் மேலே வந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் அப்படி வரவில்லை. நம் பையனும் கணக்கில் தவறினான், நினைவிருக்கிறதா? ஆகவே விவாதம் சர்வரோக நிவாரணி என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குக்குக் கணக்கு ஆசிரியர் வேண்டும். பள்ளிக்குப் போதிய ஆசிரியரும் கட்டடமும் புத்தகமும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்பதை நாம் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்கவும், படிப்பின் மேல் ஆசை வைக்கவும் விவாதத்தால் முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

பணம் வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை, ஒரு விளக்கு, ஒரு பாய் போதும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளை எடுங்கள். ஏரி, பஸ், ரேஷன் கடை, கைபேசி, கூலி. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்கும் அதில் சொல்ல ஒன்று இருக்கும்.

"ஆதாரம் என்ன?" என்று கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். தேடும்போது கூட உட்காருங்கள்.

அடுத்த வாரம் கட்சியை மாற்றிப் பேசச் சொல்லுங்கள். தோற்ற பிள்ளையைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.

பெண் பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள். "வாயாடி" என்று சொல்லாதீர்கள். நாளைக்கு ஆலையில் அவள் கூலியைக் குறைத்துக் கொடுத்தால், அந்த வாய்தான் அவளுக்குத் துணை.

முக்கியமானது ஆள். பத்தாவது தேறிய ஒருவர் ஆறாவது படிக்கும் பிள்ளைக்குத் துணையாக இருக்கலாம். படிக்காத தாயாரும் "சொல்லு, நான் கேட்கிறேன்" என்று எதிரே உட்காரலாம். தடுக்கிய இடத்தில் காத்திருக்கப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும். மால்கத்துக்கு வழிகாட்டியவர் ஒரு கைதி என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பள்ளிக்கு இன்று நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்கள் நான்கே பேர். அந்தச் சகோதரி இரவு ஷிப்டுக்கு மாற்றப்பட்டுவிட்டார். இனி சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும். மற்ற நாட்களில் அந்த இடம் காலி. இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தோம். வாரத்தில் ஒரு மாலை தருகிறவர்கள் கை தூக்குங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள்.

அடுத்த சனிக்கிழமை விவாதத்தின் பொருள்: "படிக்கும் பிள்ளை விடுமுறையில் வேலைக்குப் போகலாமா?" முதல் பேச்சாளர் யார் தெரியுமா? கடைசிப் பெஞ்சிலிருந்து "எவ்வளவு ஆழத்துக்கு?" என்று கேட்டானே, அவன்தான். வந்து கேளுங்கள். அவனிடம் கேள்வியும் கேளுங்கள்!